ஆங்கில வாக்கியமும் முற்றுவினையும்

தமிழிலே சிந்தித்து ஆங்கிலத்திலே எழுதும் மாணவர்க்கு இடர் விளைப்பது பெரும்பாலும் சொல் வறுமையன்று. வாக்கிய அமைப்பின் வேற்றுமையேயாம். அதனை உணர்தற்கு, தொல்காப்பியனார் முதலாயினோர் வகுத்த முற்று, எச்சம் என்னும் பாகுபாடே தக்க திறவுகோலாகும்.

ஓர் எழுவாயும் அதற்குரிய முற்றுவினையும் கொண்டு, வாக்கியத்தின் உறுப்பாக நிற்பதைப் பள்ளி இலக்கணம் ‘கிளோஸ்’ என்னும். அஃது ஈண்டு உபவாக்கியம் எனப்படும். வாக்கியத்தின் வகை அதன் நீளத்தால் அமைவதன்று. முற்றுவினைகளின் தொகையாலும் உபவாக்கியங்களின் தொடர்பாலும் அமைவது.

‘ஆஃப்டர் தி ரெயின் தி டாங்க் ஃபில்ட்’ என்பது முற்று ஒன்றே உடைமையால் தனிவாக்கியம். ‘தி ரெயின் ஃபெல் அண்ட் தி டாங்க் ஃபில்ட்’ என்பது ஒத்த மதிப்புடைய இரண்டு ‘அண்ட்’ என்னும் இடைச்சொல்லால் இணைதலின் கூட்டுவாக்கியம். ‘வென் தி ரெயின் ஃபெல், தி டாங்க் ஃபில்ட்’ என்பது ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்றலின் கலப்புவாக்கியம். மழையும் குளமும் மூன்றிடத்தும் ஒன்றே, அமைப்பே வேறு.

இறுதி வாக்கியத்தைத் தமிழர் ‘மழை பெய்தபொழுது குளம் நிரம்பியது’ என்பர். இங்கே ‘பெய்த’ என்பது பெயரெச்சம். முற்று ஈற்றில் நிற்கும் ஒன்றே. ஆங்கிலத்திலோ சார்ந்து நிற்கும் உபவாக்கியத்திலும் ‘ஃபெல்’ என முற்றே வருகின்றது. இதனை உணராதார் ‘வென் தி ரெயின் ஃபாலிங்’ என எச்சம்போல எழுதி வழுப்படுவர். இனி, ‘பிகாஸ் தி ரெயின் ஃபெல்’ என்பதில் முற்று உண்டு. ஆயினும் ‘பிகாஸ்’ அதனைச் சார்புடையதாக்குதலின், அதனைத் தனியே எழுதிப் புள்ளியிடுதல் கட்டுரை நடைக்குப் பொருந்தாது. ‘ஏனெனில் மழை பெய்தது’ எனத் தமிழில் தனித்து நிற்றலே இவ்வழுவுக்கு ஏதுவாகும்.

சார்பு உபவாக்கியத்தின் வகையை அதன் முதற்சொல்லைக்கொண்டு துணிதலும் தவறாம். ‘வென் ஹீ கேம்’ என்னும் ஒன்றையே நோக்குக. ‘ஐ நோ வென் ஹீ கேம்’ என்புழி அது செயப்படுபொருளாய்ப் பெயரின் தொழிலைச் செய்கின்றது. ‘தி டே வென் ஹீ கேம்’ என்புழி நாளைச் சிறப்பித்துப் பெயரடையாகின்றது. ‘ஐ லெஃப்ட் வென் ஹீ கேம்’ என்புழிக் காலங்காட்டி வினையடையாகின்றது. ஆகவே, தொழிலே வகையைத் துணிவது.

காற்புள்ளியும் பொருளை மாற்ற வல்லது. ‘தி பாய்ஸ் ஹூ ஒர்க்ட் பாஸ்ட்’ எனின், உழைத்த மாணவர் மட்டுமே தேறினர் என்பது பெறப்படும். ‘ஹூ ஒர்க்ட்’ என்பதன் இருமருங்கும் காற்புள்ளியிடின், மாணவர் அனைவரும் உழைத்தனர், அனைவரும் தேறினர் என்றாகும். ‘உழைத்த மாணவர் தேறினர்’ என்னுந் தமிழ் இவ்விரு பொருளுக்கும் இடந்தரும். ஆங்கில எழுத்து வழக்கிலோ சிறு கோடே அவற்றைப் பிரிக்கின்றது. சட்டத்திலும் உடன்படிக்கையிலும் இக்கோட்டால் உரிமை ஒருவர்க்கு வருதலும் நீங்குதலும் கூடும்.

1985இல் வெளிவந்த குவர்க் முதலியோரின் ஆங்கிலப் பேரிலக்கணம், முற்றில்லா வினைத்தொடர்களையும் உபவாக்கியமாகவே கொள்கின்றது. எனினும் கற்கத் தொடங்குவார்க்குப் பழைய நெறியே எளிது. முதலில் முற்றுவினைகளை எண்ணுக. பின்னர் ஒவ்வொன்றின் எழுவாயையும் காண்க. அதன்பின் ஒவ்வோர் உபவாக்கியமும் செய்யுந் தொழிலை வினவுக. இம்மூன்றும் தெளிந்தார்க்கு எத்துணை நீண்ட ஆங்கில வாக்கியமும் அச்சந் தராது.