எட்டு கிலோமீட்டர் உயரத்தில் கரி

2010 மார்ச் 17 அன்று ஹைதராபாத்தில் ஒரு ராட்சத பலூன் வானேறியது. அதன் அடியில் தொங்கிய பெட்டிக்குள் ஏத்தலோமீட்டர் இருந்தது. காற்றை உறிஞ்சி வெள்ளை வடிதாள் நாடா மீது செலுத்தும் கருவி அது. காற்றில் உள்ள கரித்துகள் தாளில் ஒட்டிக்கொள்ள, அந்த இடம் சிறு புள்ளியாகக் கறுக்கும். புள்ளியைத் தாண்டி வரும் ஒளி எவ்வளவு மங்குகிறதோ அதை வைத்துக் கரியின் அளவைக் கணக்கிடுவார்கள்.

மேலே போகப் போகக் கரி குறையும் என்பதுதான் பொது எதிர்பார்ப்பு. அடுப்பு, செங்கல் சூளை, டீசல் லாரி எல்லாம் தரையில்தானே இருக்கின்றன! ஆனால் சுமார் நாலரை கிலோமீட்டரில் ஒரு கரி அடுக்கும், எட்டு கிலோமீட்டருக்கு மேல் இன்னொன்றும் இருப்பதாகக் கருவி காட்டியது. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் சுரேஷ் பாபு, கிருஷ்ணமூர்த்தி குழு இதற்கு ஒரு விளக்கம் சொன்னது. கரி வெயிலை விழுங்கிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதனால் அந்த அடுக்கு நிலைபெற்று, கரியும் அங்கேயே தங்கிவிடுகிறது.

சரி, முதலில் அது அங்கே எப்படிப் போனது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்ற குழு ஒன்று இந்தக் கேள்வியைக் கணினி மாதிரியிடம் கேட்டு, 2017இல் முடிவை வெளியிட்டது. தரையிலிருந்து எழும் புகையை மட்டும் கொடுத்தால் மாதிரியில் அந்த அடுக்குகள் வரவில்லை. பயணிகள் விமானங்களின் புகையையும் சேர்த்ததும் வந்துவிட்டன.

வழக்கு முடிந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஒன்றைச் சேர்த்ததும் கணக்கு சரியாகிவிட்டால், அது வலுவான தடயம், தீர்ப்பு ஆகாது. தவிர, பலூன் அளப்பது ஓர் ஊருக்கு மேல், சில மணி நேரத்தில், ஒற்றைக் கோட்டில். மாதிரி சொல்வதோ பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்தின் சராசரி.

பசிபிக் பெருங்கடலுக்கு மேல் கதை தலைகீழ். 2009 முதல் 2011 வரை ‘ஹிப்போ’ என்ற திட்டத்தின் கீழ் ஓர் அமெரிக்க ஆய்வு விமானம் வடதுருவப் பகுதியிலிருந்து தென்துருவக் கடல் வரை பறந்தது. போகும் வழியெல்லாம் கடலை ஒட்டி இறங்கி, 14 கிலோமீட்டர் வரை ஏறி, மறுபடி இறங்கி, 700க்கும் மேற்பட்ட செங்குத்து அளவீடுகளைச் சேர்த்தது. இதில் இருந்த கருவி துகளைத் தாளில் பிடிப்பதில்லை. லேசர் கற்றைக்குள் வரும் ஒவ்வொரு கரித்துகளும் தணலாகி ஒளிர்ந்து ஆவியாகும். அந்த ஒளிர்வை வைத்தே ஒற்றைத் துகளின் நிறையைச் சொல்லிவிடலாம். முதல் சுற்று முடிவுகளை உலகின் பல கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, மாதிரிகள் சராசரியாக ஐந்து மடங்கு அதிகக் கரியைக் காட்டியிருந்தன.

சந்தேகம் மழை மீது விழுந்தது. மேகமும் மழையும் கரியைக் கழுவி இறக்கும் வேகத்தை மாதிரிகள் குறைத்து மதிப்பிட்டிருக்க வேண்டும். 2014இல் வந்த ஆய்வு ஒன்று, தொலைகடல் அளவீடுகளோடு ஒத்துப்போக வேண்டுமானால் கரி காற்றில் தங்கும் காலம் சராசரியாக ஐந்து நாளுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றது.

உயரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு ரகளை? பெரும்பாலான செயற்கைக்கோள் அளவீடுகள் மளிகை ரசீதின் கடைசி வரியைப் போல மொத்தத்தை மட்டும் சொல்கின்றன. மொத்தம் சரியாக இருந்தும் அடுக்குகள் தப்பாக இருக்கலாம். வெண்மேகத்துக்கு மேல் இருக்கும் கரி, நேரே விழும் வெயிலோடு மேகம் திருப்பியனுப்பும் வெயிலையும் விழுங்கும். அதே கரி மேகத்துக்குக் கீழே இருந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

பசிபிக் கணக்கைச் சரிக்கட்ட, கரி சீக்கிரம் கழுவப்படுவதாக மாதிரியை மாற்றலாம். அப்படி மாற்றினால் ஹைதராபாத்தின் எட்டு கிலோமீட்டர் அடுக்குக்குத் தரையிலிருந்து கரி போய்ச் சேருவது இன்னும் கடினமாகும். விமானப் புகையின் மீதான சந்தேகமும் அந்த அளவுக்கு இறுகும்.