புள்ளிக் கணக்கும் கைநாட்டும்

பொருளாதார அமைப்புகளை ஒப்பிடும் விவாதங்களில் மனித இயல்பு பெரும்பாலும் கடைசி வாதமாக வந்து நிற்கிறது. மனிதன் தன்னலம் மிக்கவன், ஆகவே பொதுவுடைமை நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒரு சாரார் கூற, அந்தத் தன்னலமே தனியுடைமைச் சமூகம் வளர்த்த குணம்தான் என்று மறுசாரார் பதிலளிக்கின்றனர். இவர்கள் துணைக்கு அழைக்கும் முன்னோடிகள் இத்தனை எளிமையாக எண்ணியவர்கள் அல்லர். சந்தையின் இயக்கத்தை விளக்கும் நூலை 1776-இல் வெளியிட்ட ஆடம் ஸ்மித், அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, பிறர் துயரில் பங்குகொள்ளும் மனித உணர்வை அடித்தளமாகக் கொண்டு ஓர் அறவியல் நூலை எழுதியிருந்தார். மனிதனின் பொது இயல்பு வேறு, காலத்துக்குக் காலம் அது கொள்ளும் வடிவம் வேறு என்று பிரித்துப் பார்த்தவர் கார்ல் மார்க்ஸ். எனவே எந்த ஏற்பாடு மனிதரிடமிருந்து எந்தக் குணத்தை வெளிக்கொணர்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. அதற்குச் சீனக் கிராமப்புறத்தின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1958 முதல் சீனாவில் நிலமும் கால்நடையும் கருவிகளும் கம்யூன் எனப்பட்ட பெரும் கூட்டமைப்புகளின் பொதுச் சொத்தாயின. பல குடும்பங்கள் சேர்ந்த குழுவாக உழைத்த விவசாயிக்கு, அன்றாடக் கூலிக்குப் பதிலாக உழைப்புப் புள்ளிகள் எழுதப்பட்டன. வலுவான ஆணுக்கு ஒரு நாளைக்கு வழக்கமாக 10 புள்ளிகள், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அரசுக்குரிய தானியத்தையும் குழுவின் செலவையும் கழித்து, எஞ்சியதை ஆண்டு முடிவில் புள்ளிகளின்படி பங்கிட்டதால், இன்று ஈட்டிய புள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பது அறுவடை முடியும்வரை எவருக்கும் தெரியாது. களையை வேரோடு பிடுங்கியவருக்கும் மேலோடு கிள்ளியவருக்கும் ஒரே புள்ளி விழும்போது, அக்கறையோடு உழைப்பதற்கான காரணம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆனால் 1959–61-இல் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சத்துக்கு உழவரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது பெரும் அநீதி. மேலிடத்துக்கு அஞ்சிய அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்குக் காட்ட, அந்தப் பொய்க் கணக்கின்படி தானியம் அள்ளிச் செல்லப்பட்டதே அதன் முதன்மையான காரணங்களில் ஒன்று. அச்சமும் மனித இயல்புதான். உண்மை சொன்னவர் தண்டிக்கப்படும் எந்த அமைப்பிலும் அதுவே மேலோங்கும்.

அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட அன்ஹுய் மாகாணத்தில், பிழைக்க வழியின்றிப் பிச்சையெடுக்கப் போகும் மக்களைக் கொண்டிருந்த சியாவ்காங் என்ற சிற்றூரில், 1978-இன் இறுதியில் 18 குடும்பத்தினர் இரவில் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பயிரிடுவது, அரசுக்குரியதையும் குழுவுக்குரியதையும் கொடுத்த பின் மிஞ்சுவதை அந்தந்தக் குடும்பமே வைத்துக்கொள்வது என்பதே அதன் சாரம். அடுத்த அறுவடை பல மடங்கு பெருகியது. சில ஆண்டுகளில் இம்முறை நாடெங்கும் பரவ, கம்யூன்கள் கலைக்கப்பட்டன.

தன்னலமே வென்றது என்பதற்குச் சான்றாக இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வாறு காட்டுவோர் ஒப்பந்தத்தின் மற்றொரு பகுதியைக் கடந்து போய்விடுகின்றனர். நிலத்தைப் பிரிப்பது அன்று குற்றம்; அதற்காக எவரேனும் சிறை செல்லவோ உயிரிழக்கவோ நேர்ந்தால், அவருடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பதாக அவர்கள் உறுதி கூறியிருந்தனர். தம் விளைச்சலைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பியவர்களும், அயலார் பிள்ளைக்குச் சோறு போடப் பொறுப்பேற்றவர்களும் ஒரே மனிதர்கள். நிலத்தின் உரிமையும் தனியாருக்குப் போகவில்லை; அது இன்றுவரை கூட்டுடைமைதான், மாறியது பயன்படுத்தும் உரிமை மட்டுமே.

பொதுச் சொத்து கவனிப்பாரின்றி அழியும் என்பதும் எங்கும் பொருந்தும் விதியன்று. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தன் தீவனத்தால் காக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் எவரும் மாடுகளைப் பொது மேய்ச்சலுக்கு ஓட்டக்கூடாது என்ற விதி 1517-லேயே எழுதப்பட்டது. இத்தகைய ஊர்களை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், விதியை வகுப்பதிலும் மீறுபவரைக் கண்காணிப்பதிலும் பயனாளிகளுக்கே பங்கு இருப்பதை அவற்றின் வெற்றிக்குரிய காரணங்களுள் முக்கியமானதாகக் கண்டார். சீனக் கம்யூனில் உழவருக்கு மறுக்கப்பட்டது இதுவே.

சீனக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. கம்யூனின் பொதுநிதியை நம்பி நின்ற கிராமக் கூட்டுறவு மருத்துவத் திட்டம், நிலம் குடும்பங்களிடம் பிரிந்த பின்னர், 1980-களில் பெரும்பாலான ஊர்களில் சரிந்து, மருந்துச் செலவு முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்தது. வயலில் பெருவிளைச்சல் தந்த அதே ஏற்பாடு நோயாளிக்கு எதையும் தரவில்லை. 2003-இல் அரசு தன் நிதியையும் சேர்த்துக் கிராமங்களுக்குப் புதிய கூட்டுறவு மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலம் குடும்பங்களிடமே இருந்தது; மருத்துவச் செலவு மட்டும் மீண்டும் பொதுப் பொறுப்பின் பக்கம் திரும்பத் தொடங்கியது.