பாட்காஸ்ட்: கருவிக்கு முன் அறை

தொடராக வெளியிடப்பட்டு, கேட்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில் கைபேசியில் கேட்கும் ஒலி நிகழ்ச்சியே பாட்காஸ்ட். இதனை வானொலியிலிருந்து வேறுபடுத்துவது, புதிய வெளியீடுகளின் விவரங்களைச் செயலிகளுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை என்னும் இணையக் கோப்பாகும். 2000-களின் தொடக்கத்தில் மென்பொருள் வல்லுநர் டேவ் வைனர் இந்த ஓடையில் ஒலிக்கோப்பையும் இணைக்க வழிசெய்தார். 2004-ல் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி 'கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதலில் இடம்பெற்றது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்த பின் அவை உலகெங்கும் பரவின. ஒலிபரப்புக் கோபுரமும் அலைவரிசை உரிமமும் இன்றி ஒருவர் தம் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி நடத்த இயல்வது இந்த எளிய ஓடையால்தான்.

பொருளைத் தேர்வதில் அகலத்தைவிடக் கூர்மையே பயன் தரும். 'விவசாயம்' என்ற தலைப்பில் எதையும் பேசலாம் என்பதாலேயே அதற்கென ஒரு கேட்பாளர் கூட்டம் அமைவது கடினம். 'காவிரிக் கடைமடையில் சம்பா சாகுபடி' என்றால், யாருக்காகப் பேசுகிறோம், யாரை அழைத்துப் பேச வைக்கலாம் என்பன உடனே தெளிவாகிவிடும். முதல் பகுதியை வெளியிடும் முன் மூன்று, நான்கு பகுதிகளைப் பதிவுசெய்து வைத்திருப்பது, பின்னர் வேலை நெருக்கடியில் தொடர் நின்றுபோகாமல் காக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் பணத்தை மைக்கில் கொட்டிவிட்டு அறையை மறந்துவிடுகிறார்கள். பதிவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் வீடுகளின் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை உள்வாங்காமல் திருப்பி அனுப்புவதால், பேச்சு நேரடியாக ஒருமுறையும், சுவர்களில் பட்டு மிகச் சிறிய இடைவெளிகளில் பலமுறையும் மைக்கை அடைந்து, குளியலறையில் பேசுவது போன்ற முழக்கத்தை உண்டாக்குகிறது. அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால், ஒலி உடனே அடங்குகிறதா, கணீரென்று நீள்கிறதா என்பதிலிருந்து அறையின் தன்மையை அறியலாம். நீண்டால், துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் அமர்வதும், முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுவதும், தரையில் ஜமக்காளம் விரிப்பதும் செலவில்லாத தீர்வுகள். மின்விசிறியை நிறுத்தி, தண்ணீர் மோட்டாரும் பக்கத்து வீட்டுக் குக்கரும் ஓய்ந்திருக்கும் இரவு நேரத்தைத் தேர்வது இன்னும் நல்லது. பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி மௌனத்தையும் பதிவுசெய்துகொண்டால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் அந்த மௌனத்திலுள்ள இரைச்சலை மாதிரியாகக் கொண்டு பதிவு முழுவதிலும் அதனைக் குறைக்கும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது, அறையின் முழக்கமோ அவ்வாறு உயர்வதில்லை. எனவே அரைச் சாண் முதல் ஒரு சாண் வரையிலான தூரத்தில் பேசுவது விலையுயர்ந்த கருவியைவிட அதிகப் பலன் தரும். அந்த நெருக்கத்தில் 'ப'வில் தொடங்கும் சொற்களின் மூச்சுக்காற்று மோதிப் 'பொத்'தென்ற ஒலி எழும் என்பதால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மைக் வாங்குவதானால், அறையின் சிற்றொலிகளையும் கூர்மையாகப் பிடிக்கும் கண்டென்சர் வகையைவிட, நெருங்கிப் பேசுவதற்கு ஏற்ற டைனமிக் வகை வீட்டுப் பதிவுக்குப் பொருந்தும். வெளியூரில் உள்ளவரை நேர்காணும்போது, தொலைபேசி வழியே வரும் தேய்ந்த குரலை நம்பாமல், அவரும் தம் கைபேசியில் தம் குரலைத் தனியே பதிவுசெய்து அனுப்பினால், இரண்டையும் எடிட்டிங்கில் சேர்த்துவிடலாம்.

எடிட்டிங்கில் தேவையற்ற தயக்கங்களை நீக்கலாம். ஆனால் யோசிப்பவரின் இடைநிறுத்தத்தையும் வெட்டிவிட்டால் பேச்சு உயிரிழக்கும். முடிவில், காது உணரும் சராசரி ஒலியளவைக் குறிக்கும் எல்யூஎஃப்எஸ் என்னும் அலகில், ஆப்பிள் பரிந்துரைக்கும் -16 அளவுக்குக் கோப்பைக் கொண்டுவர வேண்டும். இல்லையெனில் பேருந்தில் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் குறைத்தே சலித்துப்போவார். பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். அரைமணி நேரப் பகுதி சுமார் 14 எம்பி-யில் அடங்கிவிடுவதால், குறைந்த டேட்டா உள்ளவரும் இறக்கிக் கேட்க முடியும். முகப்பிசைக்குத் திரைப்பாடலை எடுத்தாள்வது பெருந்தவறு. பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் இந்தியச் சட்டத்தில் தனித்தனிப் பதிப்புரிமை உண்டு. சில விநாடிகள் மட்டும் பயன்படுத்தலாம் என்று பரவலாக நம்பப்படும் விலக்கு அச்சட்டத்தில் இல்லை.

பதிவேற்றத்துக்கு ஹோஸ்டிங் சேவை ஒன்று வேண்டும். ஒலிக்கோப்பைச் சேமித்து ஓடையை உருவாக்கித் தருவது அதுவே. 1400 முதல் 3000 பிக்சல் வரையிலான சதுர முகப்புப் படத்துடன் அந்த ஓடையின் முகவரியை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை தளங்களில் ஒருமுறை பதிந்தால், புதிய பகுதிகள் தாமாகவே அங்கே போய்ச் சேரும். 2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோதும், ஓடை தம் கையில் இருந்தவர்களின் நிகழ்ச்சிகள் பிற செயலிகளில் தடையின்றித் தொடர்ந்தன. ஆகவே சேவையைத் தேர்கையில், பின்னாளில் வேறிடம் மாறினால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் வசதியை அது தருகிறதா என்பதைக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.