எல்லைக்கு இப்பால் விடுமுறை, அப்பால் வேலைநாள்!

புதுதில்லி: நவம்பர் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமையாத ஆண்டுகளில், தமிழகத்தின் தென்கோடியில் ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. களியக்காவிளையில் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும். அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தூரத்தில் உள்ள பாறசாலையில் பள்ளி மணி வழக்கம்போல் ஒலிக்கும். கேரள அரசு ஊழியர்கள் வேட்டியும் கசவுப் புடவையுமாக அலுவலகம் வந்து, "கேரளப் பிறவி" வாழ்த்துகளைப் பரிமாறிக்கொண்டு கோப்புகளைப் பிரிப்பார்கள். பிறந்தநாள் காணும் மாநிலத்துக்கு வேலைநாள். அந்த மாநிலத்தில் சேராமல் விலகி வந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை.

இதற்கு வித்திட்டது நாடாளுமன்றம்தான். ஃபஸல் அலி தலைமையில் எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. அதையடுத்து 1956-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே 1956 வரை தாலுகா எல்லையாக இருந்த கோடு, ஒரே இரவில் மாநில எல்லையாயிற்று. விடுமுறைப் பட்டியலும் அன்றே இரண்டாகப் பிளந்தது.

நெய்யாற்றின்கரை தாலுகாவில், விழிஞ்ஞம் அருகே உள்ள ஊராட்சி கோட்டுகால். (கொல்லம் மாவட்டத்தில் குடைவரைக் கோயில் உள்ள கோட்டுக்கல் வேறு, பெயர் ஒற்றுமையால் அங்கே போய் இறங்கிவிட வேண்டாம்.) 2025 மே 2-இல் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகம் இதன் பக்கத்திலேயே இருப்பதால், ஊரின் பெயர் தில்லிக் கோப்புகளிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. இந்த ஊருக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் விடுமுறைகள் பொருந்தும். ஆற்றுக்கால் பொங்காலைக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை. பக்கத்து ஊரான வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளியின் பிறந்தநாள், கேரளம் முழுவதற்கும் பொது விடுமுறை.

தெற்கே கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியரின் ஆணைகளைப் படித்தால் பழைய திருவிதாங்கூரின் வாசனை இன்னும் வீசுகிறது. மகா சிவராத்திரிக்குத் தமிழக அரசின் பொது விடுமுறை கிடையாது, கேரளத்தில் உண்டு. ஆனால், 12 சிவாலயங்களுக்குப் பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டத்தை ஒட்டி, குமரிக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3-இல் ஒன்று. ஓணத்துக்கும் ஒன்று, இதைக் கோவை, நீலகிரி, சென்னை மாவட்டங்களும் அனுபவித்திருக்கின்றன.

இந்த ஆணைகளின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். இவ்விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால், கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும் என்பதே அது. 1881-இல் உண்டியல், காசோலைகளுக்காக ஆங்கிலேயர் இயற்றிய சட்டம், இன்று ஒரு நாள் "முழு விடுமுறையா, அரை மனது விடுமுறையா" என்பதைத் தீர்மானிக்கிறது! இச்சட்டப்படி விடுமுறை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 1957-இல் மாநிலங்களுக்கு வழங்கியது. உள்ளூர் விடுமுறை அந்தக் கணக்கில் சேராது. ஆகவே வங்கி திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்த நாளுக்கு ஈடாக ஏதாவது ஒரு சனிக்கிழமை வேலைநாளாக வந்து நிற்கும். உண்மையில் இது விடுமுறையல்ல, கைமாற்று.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது. தமிழர்கள் கணிசமாக வாழும் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கல் விடுமுறை அளிக்கிறது. 2022-இல் அது ஜனவரி 15 என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு தை முதல் நாளோ ஜனவரி 14. பொங்கலன்று பிள்ளைகள் பள்ளிக்கும், மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கும் என்ற நிலை. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். விடுமுறை 14-ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. முல்லைப் பெரியாறு குறித்து இரு மாநிலங்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் மலைபோல் குவிந்திருக்க, ஒரே கடிதத்தில் முடிந்த விவகாரம் இது.

நாள் மாற்றுவதில் தமிழகமும் சளைத்ததல்ல. சித்திரை முதல் நாளிலிருந்து தைக்குச் சென்ற தமிழ்ப் புத்தாண்டு, 2008-க்கும் 2011-க்கும் இடையே இரு ஆட்சிகளின் சட்டங்களால் போய்த் திரும்பி வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மத்திய அரசு ஊழியர்களின் கதை தனி. தில்லிக்கு வெளியே உள்ள அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறைகள் 14. அவற்றில் பொங்கலும் இல்லை, ஓணமும் இல்லை. தசராவுக்குக் கூடுதல் நாள், ஹோலி, ராமநவமி, ரத யாத்திரை போன்றவற்றுடன் சேர்த்து 12 விழாக்கள் கொண்ட பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. அதிலிருந்து மூன்றை மாநிலத் தலைநகரில் உள்ள மத்திய ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். களியக்காவிளை அஞ்சலகத்துக்குச் சென்னை முடிவு. பாறசாலை அஞ்சலகத்துக்குத் திருவனந்தபுரம் முடிவு. கடிதம் எல்லையில் ஒருநாள் ஓய்வெடுத்தால் அஞ்சல்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எல்லையில் கூலி வேலை செய்வோருக்கு உண்மையிலேயே காசு தொடர்பான விடுமுறை ஒன்று உண்டு. அது வாக்குப்பதிவு நாள். 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6-இல் வாக்களித்ததால் சிக்கல் எழவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 19, திருவனந்தபுரத்துக்கு ஏப்ரல் 26. விளவங்கோட்டு வாக்காளர் ஒருவர் நெய்யாற்றின்கரையில் கடையிலோ சூளையிலோ வேலை பார்த்தால், அவருடைய வாக்குப்பதிவு நாள் முதலாளிக்குச் சாதாரண வெள்ளிக்கிழமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, வாக்களிக்கும் உரிமை உள்ள ஊழியருக்கு அன்று ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும் என்கிறது. அந்த நாளுக்கு வழக்கமாகக் கூலி பெறாதவருக்கும் தர வேண்டும் என்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்! அந்தத் தொகைக்கு அஞ்சிக் கூலி தருபவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். உறுப்பினர்களின் ஊதியம் பலமுறை திருத்தப்பட்ட அவையில், இந்தப் பிரிவுக்கும் ஒருநாள் நேரம் ஒதுக்கினால் நல்லது.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் நடுவே, கல்குளத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. நிலம் தமிழ்நாட்டுடையது, நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறையுடையது. நவராத்திரிக்கு இங்கிருந்து புறப்படும் சரஸ்வதி அம்மன் ஊர்வலத்துக்குக் களியக்காவிளையில் இரு மாநிலக் காவல்துறையினரும் மரியாதை செலுத்துவார்கள். அரண்மனைக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. தக்கலையில் மற்ற எல்லாம் திறந்திருக்கும் அந்த நாளில், கதவருகே வந்து ஏமாந்து திரும்பும் சுற்றுலாப் பயணிகள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள்.