வயிற்றுக்கடுப்பும் சிறுநீரகமும்

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் எங்கள் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களில் கடுந்தேநீர் தருவார்கள், பாலை நிறுத்துவார்கள், சிலர் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டொரு நாளில் நின்றுவிடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் நின்றும் விடுகிறது. மலத்தில் இரத்தம் வந்தால் கதையே வேறு!

கடும் வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஒரு கிருமியை 1897-இல் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா கண்டறிந்தார். அது சுரக்கும் நஞ்சுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1982-இல் அமெரிக்காவில், சரியாக வேகாத பர்கர் இறைச்சி வழி பரவிய ஈ.கோலை ஓ157 கிருமியும் இதே வகை நஞ்சைச் சுரப்பதுதான். 1996-இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி உணவின் மூலம் ஆயிரக்கணக்கான மாணவர்களைத் தாக்கியதும் அதுவே.

நமக்கு நெருக்கமான சான்று வேலூரில் உள்ளது. வயிற்றுக்கடுப்பைத் தொடர்ந்து தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வந்த இந்தச் சிறுநீரக நோயைப் பற்றி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1978-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

குடலில் உள்ள கிருமி சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது? கிருமி குடலிலேயே இருக்க, நஞ்சு மட்டும் இரத்தத்தில் கலந்து செல்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே இரத்தம் உறைகிறது. அடைபட்ட குழாய்களில் நெருக்குண்டு செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. குழந்தை வெளுத்துப் போகிறது, சிறுநீர் குறைகிறது, முகம் வீங்குகிறது. இடைநிலைப்பள்ளியில் 'கிஞ்சால்' என்று மலாயில் மனனம் செய்த படம், இதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையில் விளங்கியது.

இந்நோய் ஆளை ஏமாற்றக்கூடியது. வயிற்றோட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், அது தணிந்து வரும்போதுதான் இது தலைகாட்டும். என் அக்காள் மகனுக்கு மூன்று வயதில் இரத்தம் போனபோது, "உடம்புச் சூடுதாம்மா, வெந்தயம் குடு" என்றார் பாட்டி. அக்காள் கேட்கவில்லை, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வயிறு சரியான பிறகும் சிறுநீர் போவதைக் கவனித்து வரச் சொன்னார்கள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. நஞ்சு குடலிலேயே தங்கிவிடும். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். ஷிகா கிருமிக்கு அது தேவை. ஓ157-க்கோ அதுவே கேடாக முடியலாம். எது என்று மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் கொண்டு சென்றால், சில நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டாலும், பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகின்றனர். ஆகவே இரத்தம் போன பிள்ளையின் பெம்பர்ஸ் அரை நாளாக நனையாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அலோர் காஜா மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.