பெயருக்கு விட்ட இடம்

உலகப் பொருட்காட்சிப் பதக்கம் சேகரிக்கிறவர்கள் முகப்புச் சித்திரத்தோடு நின்றுவிடுவதில்லை, பெயரைத் தேடுகிறார்கள். 1851 லண்டன் பரிசுப் பதக்கமென்றால் பெயர் விளிம்பில் இருக்கும்; உருட்டி உருட்டித்தான் படிக்கணும். 1893 சிகாகோ பதக்கத்தில் அது பின்பக்கத்துக்கே வந்து, ஒரு சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சிகாகோ பதக்கத்தை நிதானமாகப் பார்க்கலாம். மூன்று அங்குல வெண்கலம். முன்பக்கம் கொலம்பஸ் கரையிறங்குகிறார். சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் செய்தது. பின்பக்கத்துக்கு அவர் செய்து கொடுத்தது ஒரு நிர்வாண இளைஞன். செனட் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கம் தரும் பதக்கத்தில் ஆடையில்லாத உடம்பா? அதைத் தள்ளிவிட்டு, நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பரைக் கொண்டு வேறொரு பின்பக்கம் போட்டார்கள். அவருக்கும் சிற்பிக்கும் ஏற்கெனவே ஆகாது. ஒரே உலோகத் துண்டில் இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பொருட்காட்சி முடிந்தது 1893இல். பதக்கம் கைக்குப் போய்ச் சேர 1896 ஆகிவிட்டது.

இங்கே தங்கம், வெள்ளி என்ற தரவரிசை கிடையாது. பதக்கம் பெற்ற எல்லோருக்கும் அதே வெண்கலம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பெயர்தான். அச்சில் பெயருக்கென்று இடம் விட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாகச் செருகச்சு வெட்டிப் பொருத்தினார்கள். எழுத்துகள் புடைத்து நிற்பது இதனால்தான். பதக்கத்தோடு கொடுத்த பெட்டி அலுமினியம். அது மலிவான உலோகமாகி அப்போது அதிக வருஷம் ஆகவில்லை, பெட்டியும் ஒரு காட்சிப்பொருள் மாதிரிதான்.

(வாங்கியதும் பளபளப்பாகத் தேய்க்கிற ஆசாமிகள் உண்டு. நூறு வருஷத்து வெண்கலத் தோல் அதோடு போச்சு, விலையும் போச்சு.)

சரி, யார் பெயர் அது? பொருளைக் காட்சிக்கு வைத்தவர் பெயர். செய்தவர் வேறு ஆளாக இருந்தால் சட்டத்துக்குள் அவருக்கு இடமில்லை. காட்சிக்கு வைக்கவே விடாதவர்கள் கதை இன்னும் வேறு. ஐடா வெல்ஸும் ஃபிரெடரிக் டக்ளஸும் வேறு இருவரோடு சேர்ந்து 1893இல் ஒரு சிறு நூல் போட்டார்கள். கறுப்பு அமெரிக்கர் இந்தப் பொருட்காட்சியில் ஏன் இல்லை என்பதே அதன் தலைப்பு. கும்பல் கொலைகள், கைதிகளைக் குத்தகைக்கு விடும் முறை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க அரங்குகளில் தனக்கு இடமில்லாத டக்ளஸ் ஹெய்ட்டி நாட்டின் பிரதிநிதியாக அங்கே இருந்தார். ஹெய்ட்டி அரங்கில் வைத்துத்தான் வருகிறவர்களுக்கு அந்த நூலைக் கொடுத்தார்கள். காகிதம் என்பதால் பதக்கப் பட்டியல்களில் அது வராது. சிகாகோ பதக்கம் வைத்திருப்பவர் அதன் பிரதி ஒன்றையும் அதே இழுப்பறையில் போட்டு வைக்கலாம்.