ஃபின்னை நகர்த்தினால் பலகை வளையும்

லிங்கி ஆறு கடலைத் தொடும் கோலா லிங்கியில் மலாக்கா நீரிணை பெரும்பாலும் சாதுவாகத்தான் கிடக்கும். எதிரே சுமத்ரா மறித்து நிற்கிறது. இந்தியப் பெருங்கடலின் பேரலை உள்ளே வருவதில்லை. பாய்மரப் பலகையை ஓட்ட அலை வேண்டுமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்றின்போது, பகாங் கரையிலுள்ள செராத்திங்குக்குப் போக வேண்டும்.

உடைகிற அலையில் பாய்மரப் பலகை சட்டென்று திரும்பியாக வேண்டும். எவ்வளவு சட்டென்று என்பதை அடியில் நீட்டி நிற்கும் தகடான ஃபின் தீர்மானிக்கிறது.

ஃபின்னே இல்லாத பலகையைத் திருப்பினால் வால் பக்கவாட்டில் வழுக்கிவிடும். 1935-இல் அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக், கைவிடப்பட்ட ஒரு விரைவுப் படகின் அடிக்கட்டையை எடுத்துத் தன் அலைச்சறுக்குப் பலகையில் பொருத்தி அதைத் தடுத்தார். 1968-இல் ஹோயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் பாய் பூட்டிய பலகைக்குக் காப்புரிமை கோரினார்கள். பாய் பலகையைப் பக்கவாட்டிலும் தள்ளுவதால் ஃபின்னின் வேலை இரட்டிப்பானது. அலைச்சறுக்கில் இன்னொரு திருப்பம், ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சனுடையது: மூன்று ஃபின் பூட்டிய பலகையோடு 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியை வென்றார். பிறகு பாய்மரப் பலகைகளும் அந்த வழிக்கு வந்தன.

மூன்றில் நடு ஃபின் பின்னால், வாலருகே நங்கூரம்போல நிற்கும். பெரிதாகவும் பின்தள்ளியும் இருந்தால் பலகை நேராக ஓடும், காற்றை எதிர்த்தும் ஏறும். வளையத்தான் முரண்டு பிடிக்கும். சிறிய நடு ஃபின்னைப் போட்டு, அதன் திருகைத் தளர்த்தி, அது பொருந்தும் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் வால் இளகும். பலகையைச் சாய்க்கும்போது அலைக்குள் இறங்கும் பக்க ஃபின் பிடியைக் கொடுக்கிறது. பாய்மர அடியைச் சற்றுப் பின்னே நகர்த்தினாலும் வளைவு சுருங்கும்.

ஒரு சென்டிமீட்டர்தானா என்று கேட்கத் தோன்றும். லிங்கி ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்கள் கேட்கமாட்டார்கள். கத்தி ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் குறையும். அந்த நுணுக்கம் அவர்கள் கைக்குத் தெரியும்.

இளக்கத்துக்கு விலையும் உண்டு. ஃபின் சிறிதானால் காற்றை எதிர்த்து ஏறும் வலு குறையும். வேகத்தில் அழுத்தும்போது ஃபின்னோரம் காற்று இறங்கிவிட்டால், பிடி விட்டு வால் சுழன்றுவிடும்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே நல்லது. பழைய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஃபின்னை ஐந்து மில்லிமீட்டர் முன்னே தள்ளி, நாலைந்து அலை ஓட்டிப் பார்க்க வேண்டும். வால் வழுக்கினால் கோட்டை நோக்கிப் பாதித் தூரம் பின்னே தள்ளி, திருகை இறுக்கிவிடலாம்.